கிராம வைத்தியர் பெறும் ஊதியம்

உழைப்பார் எவர்க்கும் உழைப்புக்கேற்ற ஊதியம் உண்டு. உழவனுக்கு நெல்லும், வணிகனுக்கு இலாபமும், உத்தியோகத்தனுக்கு வேதனமும் கண்காணக் கிடைக்கின்றன. ஒரு கிராமத்திலே நிலையாக இருந்து, பாட்டனுக்கும் தந்தைக்கும் பேரனுக்கும் வைத்தியம் பார்த்து, அவ்வூரிலேயே மூப்பெய்துகின்ற குடும்பவைத்தியர் பெறும் ஊதியம் யாது? பொருள் என்பாமாயின், நகரத்து வைத்தியர் அதனைப் பன்மடங்கு பெறுகின்றார். புகழ் என்பாமாயின், கிராமவைத்தியரது பெயர் அயற்கிராமத்து எல்லையை அரிதாகவே கடக்கின்றது. புண்ணியம் என்பாமாயின், அஃது உண்மையே எனினும், புண்ணியம் ஒன்றன்பொருட்டே ஒருவர் நாற்பது வருடம் நள்ளிரவிலே எழுந்து சென்றார் என்பது மனித சுபாவத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. இம்மூன்றின் வேறாகிய ஓர் ஊதியம் இருத்தல் வேண்டும். அஃது இன்னதென்று ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியை ஆசிரியர் முன்னிலையிலே வைப்பதற்குக் காரணம் உண்டு. கிராமத்துப் பிள்ளையொன்று கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தேர்ச்சி காட்டத் தொடங்கியவுடன், "இவன் டொக்டராக வரவேண்டியவன்" என்று முதன்முதற் சொல்பவர் அதன் ஆசிரியரே. எதற்காக வரவேண்டும் என்பதை அப்பொழுதே சொல்லுகின்றோமா? வேதனத்தையும் வாகனத்தையும் சீதனத்தையும் சுட்டிக்காட்டுவோர் வீட்டிலே பலர் உளர். வேறொன்றைச் சுட்டிக்காட்டுதற்கு ஆசிரியரையன்றி எவர் உளர்?

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பரியாரியார் என்று வழங்கப்பட்ட சுதேசவைத்தியர்களை நம்மவருள் முதியோர் நன்கறிவர். செகராசசேகரம், பரராசசேகரம் என அரசர் பட்டப்பெயராலேயே வைத்தியநூல்கள் எழுந்த நாடு இது. ஆயினும் பரியாரியாருடைய கல்வியிற் பாதி ஏட்டிலே இருந்ததன்று, ஊரிலே இருந்தது. இன்ன வீட்டாருக்குச் சலரோகம் வழிவழியாக வருவது, இன்ன வளவுக் கிணற்றுநீர் உவர், இன்னவள் பிரசவத்தின் பின் ஒரு மாதம் வாய்திறந்து பேசாதிருந்தவள், இன்னவன் வயிற்றுவலி என்று படுப்பது கடன்காரன் வருங்காலத்திலே என்பனவெல்லாம் அவர் எழுதாது வைத்திருந்த சூத்திரங்கள். படலையைத் திறந்து முற்றத்துக்கு வருமுன்னரே, மாடு கறக்கப்பட்டதா, அடுப்புப் புகைகின்றதா, திண்ணையிலே யார் இருக்கின்றார் என்பவற்றைக் கண்டு, வந்த காரியத்திற் பாதியை அறிந்துகொள்வார். நாடி பார்த்தல் அதன் பின்னரே.

கூலியைப் பேசித் தீர்க்கும் வழக்கம் அவரிடத்தில்லை. சுகப்பட்டபின் வெற்றிலையில் வைத்துக் கொடுப்பது தெட்சணை. அஃது இவ்வளவென்று அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. அல்லது எண்ணிப் பார்ப்பதை நாம் கண்டதில்லை. அறுவடைக்குப் பின் புதுநெல்லும், வாழைக்குலையும், மாம்பழக் காலத்திலே கறுத்தக்கொழும்பானும் அவர் வீட்டுக்குச் செல்லும். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் வேலி அடைக்கும் நாளிலே வந்து நிற்பர். இவற்றைக் கூலி என்பதா, உறவு என்பதா? கொடுத்தவர்களே அவ்விரண்டையும் பிரித்தறிந்திலர். இவ்வாறு சொல்லுதலாற் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்பது நமது கருத்தன்று. அதன் குற்றத்தையும் பின்னர்க் கூறுவாம்.

இனி, நோயாளியின் சுகமே வைத்தியர் பெறும் ஊதியம் என்பாரும் உளர். கேட்பதற்கு இனிதாயினும் இது நிலைபெறும் விடையன்று. என்னை? நாற்பது வருடம் ஒரே ஊரில் இருக்கும் வைத்தியர், தாம் சுகப்படுத்தியவர்களுட் பலரைத் தாமே பின்னர் இறக்கவும் காண்கின்றார். நகரத்து விசேடவைத்தியரிடம் ஒருவன் ஒரு நோயோடு வருகின்றான். அது தீர்ந்தவுடன் அகலுகின்றான். அவன் முடிவை அவர் அறியார். கிராமவைத்தியரோ முடிவு மட்டும் உடனிருப்பவர். சுகமே அவர் கூலியாயின், ஒவ்வொரு வீட்டிலும் அக்கூலியை ஒருநாள் திருப்பிக் கொடுத்தவராவார். அவ்வாறு கொடுத்த பின்னும் அவ்வீட்டார் அவரையே அழைக்கின்றார்களே, அஃது எதனால்?

இதற்கு விடையாக, நமது சிறுவயதிலே அயல்வீட்டில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவாம். பெயர் கூறுதல் வேண்டா. அவ்வீட்டிலே ஏழு வயதுப் பெண்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஊர்ப் பரியாரியார் வந்து பார்த்துக் குடிநீர் கொடுத்தார். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் காய்ச்சல் தணியவில்லை. பத்தியத்தை மாற்றினார், மருந்தை மாற்றினார், நாளைக்குத் தணியும் என்றார். பத்தாம் நாள், இது நெருப்புக்காய்ச்சல் என்று அவருக்கே ஐயமற விளங்கியபோது, குழந்தையை வண்டியில் ஏற்றி நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். காலங் கடந்துவிட்டது. அந்நோய்க்கு ஏற்ற மருந்து ஆங்கிலவைத்தியத்திலே அப்பொழுது வந்திருந்தது என்பதே அத்துயரத்தை இன்னும் கூர்மையாக்கியது.

எட்டுச்செலவு முடிந்த மறுநாள் மாலை பரியாரியார் அவ்வீட்டுக்கு வந்தார். திண்ணையில் இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. முற்றத்திலே நின்றபடியே, "அஞ்சாம் நாளே அனுப்பியிருக்க வேணும். என்ரை மருந்திலை வைச்ச பிடிவாதத்தாலை பிந்திப்போனன். பிழை என்னுடையது" என்றார். தகப்பன் ஒன்றும் பேசவில்லை. தாய் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் சிறிதுநேரம் நின்று, படலையைச் சாத்திக்கொண்டு சென்றார்.

ஓராண்டுக்கு மேலாக அவ்வீட்டார் அவரை அழைக்கவில்லை. பின்பு ஒருநாள் இரவு, அவ்வீட்டு இளைய ஆண்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, அத்தாய் தன் தமையனை அழைத்து, "அண்ணை, பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். அயலார் வியந்தார்கள், சிலர் ஏசவுஞ் செய்தார்கள். அவர் வந்தார், குழந்தையைத் தொட்டுப் பார்த்தார், மருந்துப்பையைத் திறக்கவில்லை. "வண்டியைக் கட்டுங்கோ, நானும் வாறன்" என்றார். அது சாதாரணக் காய்ச்சல்தான், மூன்று நாளிலே தணியும் என்று வைத்தியசாலையிற் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகாமலே இருந்திருக்கலாம் என்று சிலர் நகைத்தார்கள். அவர் அந்நகையைப் பொருட்படுத்தவில்லை. ஏன் அவரையே அழைத்தாய் என்று பின்னாளிலே கேட்டவர்களுக்கு அத்தாய் சொன்னது இது: "பிழை விட்டனான் எண்டு வந்து சொன்ன மனிசன் அவர் ஒருத்தர்தானே."

நாம் தேடுகின்ற ஊதியம் இவ்விடத்திலே புலப்படுகின்றது என்று கருதுகின்றோம். வைத்தியர் ஊராரை அறிந்திருத்தல் அவருக்குக் கருவி. ஊரார் அவரை அறிந்திருத்தல், அவருடைய பிழையையும் பிடிவாதத்தையும் அறிந்து, அறிந்தபின்னும் இருட்டிலே ஆளனுப்பி அவரையே அழைத்தல், இதுவே அவருக்கு ஊதியம். வேறெத் தொழிலிலும் இஃது இத்துணை வெளிப்படையாகக் கிடைப்பதில்லை. பொருளைப் பத்து வருடத்தில் ஈட்டலாம். புகழை ஒரே நாளில் ஈட்டுவாரும் உளர். இந்த அறிமுகத்தை ஓரூரிலே நிலைத்திருந்தாலன்றி ஒருவர் ஈட்டுதல் கூடாது. நிலைத்திருப்பவர் தம்முடைய தவறுகளோடும் கூடவே நிலைத்திருத்தல் வேண்டும். இடமாற்றம் பெற்றுச் செல்பவர் அவற்றை அவ்வூரிலே விட்டுச் செல்கின்றார். பரியாரியார் அன்று முற்றத்திலே நின்றது பெருந்தன்மையினாலோ, நாளைக்கும் அதே ஒழுங்கையால் நடந்தாக வேண்டும் என்பதனாலோ, நாம் அறியோம். இரண்டும் கலந்திருந்தால் அதனாற் குறைவொன்றும் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென்பது நமது சித்தாந்தம். நாற்பது வருடம் ஓரூரைச் சார்ந்த ஆன்மா அவ்வூரின் வண்ணத்தைப் பெறாதிருத்தல் எங்ஙனம்?

திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரத்தை வகுப்பிலே படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சூலைநோய் வருத்தியபொழுது, சமணமுனிவர் தாம் வல்ல வித்தைகள் எல்லாவற்றையும் செய்துபார்த்துக் கைவிட்டனர். அந்நிலையிலே நாயனார் நினைந்தது வேறொரு வைத்தியரை அன்று. தம்மைக் குழந்தைப் பருவந்தொட்டு வளர்த்த தமக்கையாராகிய திலகவதியாரை. நோய் தீர்த்தருளியவர் திருவதிகை வீரட்டானத்து இறைவரே. ஆயினும் வருந்துகின்ற மனம் முதலில் நாடியது தன்னை அறிந்த ஒருவரை என்பதைச் சேக்கிழார் சுவாமிகள் நமக்குக் காட்டாமல் விடவில்லை.

இங்கே மேல்வகுப்பு மாணாக்கர் ஓர் ஆசங்கை எழுப்புவர், எழுப்புதலும் நன்றே. நோய் பிராரத்துவ வினையினாலே வருவதாயின், அதனை அனுபவித்தே தீர்த்தல் வேண்டுமன்றோ? வைத்தியர் இடையிலே புகுந்து தடுப்பது வீண்முயற்சியன்றோ? இதற்கு விடை கூறுவாம். வினையை ஊட்டுவிப்பவர் சிவபெருமான். இன்னாருக்கு இன்ன வினை இவ்வளவு என்னும் அளவை அறிந்தவர் அவரேயன்றி நாம் அல்லேம். ஒருவனுக்கு நோய் வருதல் வினைப்பயனாயின், அயலிலே ஒரு வைத்தியர் இருத்தலும், அவர் உறங்காது எழுந்து வருதலும், மருந்து பலித்தலும் அவன் வினைப்பயனுக்குப் புறம்பாவது எப்படி? பசித்தவன் முன்னே சோற்றை வைத்துக்கொண்டு, பசி உன் பிராரத்துவம் என்று சொல்லுவாரை நாம் சித்தாந்தி என்போமா? பிறனுடைய வினையை எண்ணித் தன் கையை மடக்கிக்கொள்ளுதல் ஞானம் அன்று. அஃது ஆணவத்தின் தொழில். வினைக்கோட்பாடு, நோயாளி தன் மனத்தைத் தேற்றிக்கொள்ளுதற்கும், வைத்தியர் தாம் தோற்றபோது நிலைகுலையாதிருத்தற்கும் உதவுவது. அயலான் உதவாதிருத்தற்கு அது சாட்டாகாது. புள்ளிருக்குவேளூரிலே இறைவருக்கு வைத்தியநாதர் என்பதே திருநாமமாயிருத்தலையும் இம்மாணாக்கருக்கு எடுத்துச் சொல்லலாம்.

வைத்தியர் ஊராரை அறிந்திருத்தல் கருவி என்றோம். அக்கருவி எவ்வளவு கூரியது என்பதற்குப் பிறதேசத்து உதாரணம் ஒன்று தருவாம். இங்கிலாந்து தேசத்தின் வடபாகத்திலே யோர்க்சயர் பகுதியில் வென்சுலிடேல் என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே எய்ஸ்கார்த் என்னும் கிராமத்திலே வில்லியம் பிக்கிள்ஸ் (1885–1969) என்னும் வைத்தியர், முதலாம் உலகயுத்தத்துக்கு முன்னே சென்று அமர்ந்து, யுத்தகாலத்துக் கடற்படைச் சேவை நீங்கலாக, ஏறத்தாழ அரைநூற்றாண்டு வைத்தியம் பார்த்தார். பெரிய வைத்தியசாலையோ பரிசோதனைச்சாலையோ அவரிடம் இல்லை. 1929 ஆம் ஆண்டிலே அப்பள்ளத்தாக்கிலே செங்கமாரி பரவியது. ஏறத்தாழ 5,700 பேர் வாழ்ந்த பிரதேசத்திலே 250 பேர் அளவில் நோயுற்றனர். அது எவ்வாறு பரவுகின்றது, உடலிலே எத்தனை நாள் மறைந்திருந்து வெளிப்படுகின்றது என்பன அக்காலத்துப் பெரிய பண்டிதர்களுக்கும் தெளிவாகவில்லை.

ஒருநாட் காலையிலே, செங்கமாரியோடு படுத்திருந்த பணிப்பெண் ஒருத்தியைப் பிக்கிள்ஸ் சென்று பார்த்தார். அன்று பிற்பகலிலே கிராமத்துக் கொண்டாட்டம். அவள் எழுந்து அங்கே செல்வாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை, அவள் சென்றாள். இளம்பெண் கொண்டாட்டத்தை விடுவாளா! சில கிழமைகளின் பின், அக்கொண்டாட்டத்துக்குச் சென்றவர்களுட் பலர் நோயுற்றனர். எவர் எவரோடு அன்று கூடியிருந்தார், எவர் எந்தக் கிராமத்துக்கு எந்நாளிலே எதற்காகப் போனார் என்பவற்றையெல்லாம் பிக்கிள்ஸ் அறிந்திருந்தார். அறியாதவற்றைக் கேட்டறியவும் அவருக்குக் கூடியதாயிருந்தது. அவருக்கு மறைக்கவேண்டும் என்று அவ்வூரார் எண்ணவில்லை. ஆதலால் அந்நோய் ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றி, நாலு ஐந்து கிழமை மறைந்திருந்து வெளிப்படும் என்று அவர் தெளிவாகக் காட்டினார். நகரத்திலே ஆயிரம் பேர் ஆயிரம் வழியாகக் கலந்து செல்லுமிடத்து இதனைக் கண்டறிதல் அரிது. அவர் 1939 ஆம் ஆண்டிலே கிராமவைத்தியத்திலே கொள்ளைநோய் ஆராய்ச்சி என்னும் பொருளிலே வெளியிட்ட சிறுநூல் இன்றும் வைத்தியமாணாக்கராற் பேசப்படுகின்றது. குடும்பவைத்தியர்களுக்கென அந்நாட்டிலே எழுந்த கல்லூரிக்கு 1953 இலே முதல் தலைவராக அவரே தெரிவு செய்யப்பட்டார்.

இவ்விஞ்ஞானச் சிறப்பினும் நம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. ஒரு கோடைகாலத்து மாலையிலே மலைமேல் நின்று தம்முடைய கிராமங்களை நோக்கியபோது, அங்குள்ள ஆண், பெண், குழந்தைகளுள் தாம் பெயரறியாதவர் அரிதாகவே உளர் என்னும் எண்ணம் தமக்கு எழுந்ததாக அவர் நினைவுகூர்ந்திருக்கின்றார். செல்வர் ஒருவர் அம்மலைமேல் நின்றிருந்தால் தம் நிலத்தின் எல்லையை அளந்திருப்பார்.

இப்பழக்கத்தின் பயன் இக்காலத்தில் எண்களினாலும் ஆராயப்பட்டிருக்கின்றது. நோர்வே தேசத்திலே 2001 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொருவரும் ஒரு குடும்பவைத்தியரிடத்திலே பெயர் பதிந்திருக்கும் முறை உண்டு. 2022 ஆம் ஆண்டிலே வெளியான ஆராய்ச்சியொன்று, ஒரே வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேலாகப் பதிந்திருந்தவர்களை, ஒரு வருடமோ அதனிற் குறைவாகவோ பதிந்திருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முன்னையோரிடையே இறப்பும், திடீரென வைத்தியசாலையிற் சேர்க்கப்படுதலும் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்திருக்கக் கண்டனர். இத்தகைய ஒப்பீடு காரணத்தை ஐயமற நிறுவுவதன்று என்பதையும் ஆசிரியர்கள் மாணாக்கருக்குச் சொல்லுதல் வேண்டும். நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்வார் வேறு வகையாலும் நலமுடையவராதல் கூடும். ஆயினும் மருந்தொன்று இவ்வளவு பயன் தருவதாக அறியப்பட்டிருப்பின், அது விலைக்கு வந்து, எல்லாரும் அதனைத் தேடியிருப்பார். பழக்கத்தை விற்பார் இல்லை. ஆதலால் அதனை விளம்பரஞ் செய்வாரும் இல்லை. நாயனார் மருந்து என்னும் 95 ஆம் அதிகாரத்தின் இறுதியிலே, வைத்தியரையும் மருந்தையும் மட்டும் எண்ணாது, நோயாளியையும் உடனிருந்து பார்ப்பவரையும் சேர்த்து நான்காக எண்ணினமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இனிக் குற்றத்தைக் கூறுவாம். நாம் புகழ்ந்துரைத்த பரியாரிமாருட் பலர் ஊரிலுள்ள எல்லாப் படலைகளையும் திறந்தவரல்லர். சாதியினாலே தாழ்த்தி வைக்கப்பட்டோர் வீட்டுக்குச் செல்லாமலும், அவர்களைத் தம் படலைக்கு வெளியே நிறுத்தி, நாடியைத் தொடாமல், சொல்லக் கேட்டே மருந்து கொடுத்தும் வந்தோர் உளர். கை தொடாத நாடி வைத்தியருக்கு என்ன சொல்லும்? திருநாளைப்போவாரையும் திருநீலகண்ட யாழ்ப்பாணரையும் குருபூசை செய்து வணங்கிய வீடுகளிலேதான் இது நிகழ்ந்தது. இவ்வியாசத்திலே ஊரார், ஊரார் என்று நாம் எழுதிவந்த சொல்லினுள்ளே அவர்கள் அடங்கியிருந்தார்களா? பலவிடத்தும் அடங்கியிருக்கவில்லை. அவ்வளவிலே பரியாரியார் பெற்ற ஊதியமும் குறைவுடையதே.

இப்பழக்கத்துக்கு வேறு சில ஆபத்துக்களும் உள. எல்லார் வீட்டு இரகசியமும் அறிந்தவர் ஒன்றையேனும் வெளியிட்டால் ஒரு குடும்பம் கெடும். நான் காப்பாற்றினேன் என்னும் அகங்காரம் தலைக்கேறுதலும் எளிது. ஆயினும் வைத்தியரையே வருத்துவது இவற்றினும் துக்கமே. அந்நியனுடைய மரணம் தொழிலில் ஒரு நிகழ்ச்சி. தம் கையால் மருந்தூட்டி வளர்ந்த பிள்ளையின் மரணம் அவ்வாறாகாது. பற்றின்றிப் பணிசெய்க என்று எளிதிலே உபதேசிப்போம். முழுதும் பற்றற்ற வைத்தியரை இரவிலே எழுப்ப எவருக்குத்தான் மனம் வரும்? பற்றைப் பதியின்பால் வைத்து, அவர் திருவடிக்குச் செய்யும் தொண்டாகவே பிறர்க்குப் பணி செய்தல் நமது நெறி. அந்நெறியில் நிற்பவரும் அழுவர். அழுதபின் மருந்துப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவர். அவ்வளவே வேற்றுமை என்று நாம் நினைக்கின்றோம்.

நம் பிள்ளைகள் வைத்தியராகி ஏன் கிராமத்திலே தங்குகின்றிலர் என்னும் வினா புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவிலே பிறந்து, 1847 இலே யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) என்பவருக்கும் இவ்வினா எழுந்தது. அவர் நாவலரவர்கள் பிறந்த ஆண்டிலே பிறந்தவர். நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய 1848 ஆம் ஆண்டிலேயே வைத்தியக்கல்வியைத் தொடங்கியவர். அவர் வந்தது கிறிஸ்துமதத்தைப் பரப்புதற்கு. அந்நோக்கத்தை நாவலரவர்கள் எதிர்த்து நின்றமை முற்றும் தக்கதே. ஆயினும் செய்ந்நன்றியை மறத்தல் சைவருக்கு அடாது. ஆங்கிலத்திலே வைத்தியங் கற்றவர்கள் உத்தியோகம் நாடி ஊரைவிட்டுப் போதலைக் கண்ட கிறீன், தமிழிலே கற்பித்தால் அவர்கள் தம் கிராமங்களிலே நிலைத்திருப்பார்கள் என்று துணிந்தார். தாமே தமிழ் கற்று, உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளிலே தமிழ்நூல்கள் வெளிவரச் செய்து, மானிப்பாயிலே தமிழில் வைத்தியரைப் பயிற்றினார். மொழி ஒருவரை ஊரோடு பிணிக்கும் கயிறு என்பதை நம்மவருட் பலருக்கு முன்னே அந்நியர் ஒருவர் கண்டுகொண்டார் என்பது நாம் சற்றே நாணத்தக்கது.

1978 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே மருத்துவபீடம் உண்டு. அங்கே கற்றுத் தேறினவர்களுள், போர்க்காலத்தின் கொடுமையிலும் ஊரைவிட்டகலாது நின்றவர்களை நாம் அறிவோம். போனவர்களையும் அறிவோம். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் இலங்கையினின்றும் வைத்தியர் பலர் வெளிநாடு சென்றனர். சென்றவரை வைதல் எளிது. பிள்ளைக்குப் பாலும் வாகனத்துக்கு எண்ணெயும் இல்லாத நாளிலே அவர்கள் நிலையில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தபின் வைதலே முறை. வேல்ஸ் தேசத்திலே கிளின்கோரக் என்னும் சுரங்கத்தொழிலாளர் கிராமத்திலே நெடுங்காலம் வைத்தியராயிருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட் (1927–2018), எவ்விடத்திலே வைத்தியத் தேவை மிகுதியோ அவ்விடத்திலே நல்ல வைத்தியம் கிடைப்பது குறையும் என்று 1971 ஆம் ஆண்டிலே எழுதினார். வைத்தியத்தை விலைப்பொருள்போலச் சந்தைக்கு விடுமளவுக்கு இது மிகும் என்பதும் அவர் கருத்து. அங்கும் இங்கும் வேறுபாடு பெரிதன்று.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளில் எவரும் பணமின்றி வைத்தியம் பெறலாம். இப்பேறு பல செல்வநாடுகளிலும் இல்லை. ஆயினும் கிராமத்து வைத்தியசாலைக்கு வருகின்ற வைத்தியர் சில வருடத்திலே மாற்றலாகிப் போகின்றார், அடுத்தவர் வருகின்றார். நோயாளியை நினைவில் வைத்திருப்பது வைத்தியர் அல்லர். நோயாளி கையிலே கொண்டு செல்லும் கொப்பி. பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் அதே கொப்பிதான். அதிலே சலரோகத்தின் அளவும், இரத்த அமுக்கமும், மாற்றப்பட்ட குளிசைகளும் ஆங்கிலத்திலே எழுதப்பட்டிருக்கும். மகன் கனடாவிலே இருக்கின்றான்; மகள் கொழும்பிலே இருக்கின்றாள்; கொப்பி தாயிடத்திலே இருக்கின்றது. பாடசாலை விட்டு வீடு செல்லும் ஆசிரியரை வழியிலே மறித்து, "தம்பி, டொக்டர் இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று அக்கொப்பியை நீட்டுகின்ற மூதாட்டிகள் நமது கிராமங்கள்தோறும் உளர். துவிச்சக்கரவண்டியை மதிலோடு சாத்திவிட்டு, அதனை வாங்கி முழுதும் படித்துச் சொல்லுகின்ற ஆசிரியர்களும் உளர்.